விழிப்புணர்வு யாருக்கு?

மீண்டும் அதே பதில்தான் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த பிறகு, 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையை அனைவரும் படித்திருப்போம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல் மருந்து கூடாது. ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தவிர்ப்பது நல்லது. மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மருந்து கொடுப்பது பற்றிப் பொதுமக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். மருத்துவ அறிவுரை என்ற அளவில் இதில் பிழை இல்லை. ஆனால், நடந்த கொடுமைக்கு இது பதிலா?

அந்த மாவட்டத்தின் பராசியாவில் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு எந்த விழிப்புணர்வு குறைவாக இருந்தது? காய்ச்சலும் சளியும் வந்த குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கடையில் வாங்கினார்கள். புட்டியில் உரிம எண் இருந்தது, தொகுதி எண் இருந்தது, காலாவதித் தேதி இருந்தது. சொன்ன அளவில் கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோனது. நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். கோல்ட்ரிஃப் என்ற அந்த இருமல் மருந்துப் புட்டியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். பிரேக் திரவத்தில் பயன்படும் அந்த நச்சுக்கு நிறம் கிடையாது, நாக்கில் பட்டால் இனிக்கும். முகர்ந்து பார்த்தோ சுவைத்துப் பார்த்தோ எந்தத் தாயும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகம் ஒன்றுதான் கண்டுபிடிக்கும். ஆய்வகமோ பெற்றோரின் கையில் இல்லை.

2025 செப்டம்பர் 17 உலக நோயாளிகள் பாதுகாப்பு நாள். பிறந்த குழந்தைகளுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான சிகிச்சை என்பதே அந்த ஆண்டுக்கு உலக சுகாதார அமைப்பு அறிவித்த கருப்பொருள். அதே நாளில், அதே மத்தியப் பிரதேசத்தின் தார் நகரில், பெண்கள் நலனுக்கான நாடு தழுவிய இயக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. அக்டோபர் 2 வரை ஊர் ஊராக முகாம்கள். அந்த முகாம்களில் ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் கண்டறியப்பட்ட பெண்களுக்குப் பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த இரண்டு வாரமும் அதே மாநிலத்தின் இன்னொரு மூலையில் குழந்தைகளின் சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன. முதல் மரணங்கள் செப்டம்பர் தொடக்கத்திலேயே நிகழ்ந்தும், மருந்து தயாரான தமிழகத்துக்குக் கடிதம் வந்தது அக்டோபர் 1 அன்று. விழிப்புணர்வு நாடெங்கும் பயணம் செய்தது. ஓர் எச்சரிக்கை மட்டும் போபாலிலிருந்து சென்னைக்கு வந்து சேர ஒரு மாதம் பிடித்தது.

நம் கோபத்துக்கு முதன்மையான காரணம் இதுவும் அல்ல. 2023-ல் எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான். காம்பியாவில் 2022-ல் 66-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் தயாரான மருந்துகளில் இதே நச்சு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. அடுத்து உஸ்பெகிஸ்தான். நாட்டின் பெயர் உலக அரங்கில் கெட்ட பிறகு ஓர் ஆணை பிறந்தது: 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இருமல் மருந்தும் அங்கீகரிக்கப்பட்ட அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, சான்று பெற்ற பிறகே கப்பலேற வேண்டும். நல்ல ஆணை. ஆனால், அது ஏற்றுமதிக்கு மட்டும்.

இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுக் குழந்தை குடிக்கப்போகும் புட்டிக்கு அரசின் சோதனை உண்டு. தமிழகத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாராகி பராசியாவுக்குப் போன புட்டிக்கு அது இல்லை. ஆபத்து என்னவென்று தெரிந்திருந்தது. எந்த மூலப்பொருளில் கலப்படம் வரும் என்று தெரிந்திருந்தது. எந்தச் சோதனை அதைப் பிடிக்கும் என்றும் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் ஆணையே போட்டார்கள். எல்லாம் தெரிந்தும் உள்நாட்டுக் குழந்தைகளை அந்த வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். எந்த மேசையில், என்ன காரணம் எழுதி, யார் கையெழுத்திட்டு இந்தப் பாகுபாடு நிலைபெற்றது? அந்நியச் செலாவணிக்கும் நற்பெயருக்கும் வந்த ஆபத்து உடனே கண்ணில் பட்டது. சொந்த நாட்டுக் குழந்தையின் உயிருக்கு இருந்த ஆபத்து படவில்லை. வேறு விளக்கம் இருந்தால் அதை நாட்டு மக்கள் முன் வைக்கட்டும்.

ஒவ்வொரு தொகுதியையும் தயாரிப்பாளரே சோதிக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறதே என்பார்கள். ஆம், சொல்கிறது. அந்த விதியை நினைவூட்டி அக்டோபர் 7 அன்று மாநிலங்களுக்கு இன்னொரு கடிதமும் போனது. தயாரிப்பாளரின் சொல்லை நம்பினால் போதும் என்றால் ஏற்றுமதிக்கு மட்டும் ஏன் போதவில்லை? ஆய்வகங்களுக்கு வசதி போதாது என்ற வாதமும் எடுபடாது. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறைகளுக்கு நடுவே, கடிதம் கிடைத்த மறுநாளே தமிழக ஆய்வகம் முடிவைச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் சோதித்த மாதிரிகளில் நச்சு இல்லை என்று அக்டோபர் 3 அன்று தில்லி அறிக்கை வெளியிட்டு, மறுநாளே தமிழகத்தின் முடிவை ஏற்க வேண்டியிருந்தது. ஒரு நாளில் முடிகிற சோதனையை ஆண்டுக்கணக்கில் மறுத்ததற்கு என்ன நியாயம்?

நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் வரலாறே இப்படித்தான். 1972-ல் இதே சென்னையில் இதே நச்சுக்குக் குழந்தைகள் பலியானார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்த நச்சு 14 நோயாளிகளைக் கொன்றது. நீதிபதி லெண்டின் ஆணையம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஊழலையும் அலட்சியத்தையும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது. 1998-ல் குருகிராமில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2019 இறுதியில் தொடங்கி 2020 வரை ஜம்முவின் ராம்நகரில் மறுபடியும் குழந்தைகள். காம்பியா விவகாரத்திலோ, நம் மாதிரிகள் தரமானவை, நீங்கள் அவசரப்பட்டு முடிச்சுப் போட்டுவிட்டீர்கள் என்று உலக சுகாதார அமைப்புக்கே கடிதம் எழுதினார்கள். அமெரிக்காவில் 1937-ல் இதே நச்சு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது; மறு ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. இங்கே ஐம்பதாண்டுக்கு மேலாக, ஒவ்வொரு முறையும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்.

கெட்ட மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்குக்கூட நம்மிடம் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, வழிகாட்டுதல்தான் இருக்கிறது. ஆலைகளின் தரத்தை உயர்த்தத் திருத்திய விதிகள் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஓராண்டு தரப்பட்டது. அந்த ஆண்டு முடிந்ததும், மேம்பாட்டுத் திட்டத்துடன் விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை மீண்டும் நீட்டிப்பு. தொழில் நசிந்துவிடும் என்ற குரல் அவர்கள் காதில் விழுகிறது. நாக்பூர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அழுத குரல் விழவில்லை.

தமிழகமும் தலை நிமிர்ந்து பேச முடியாது. ஒரே நாளில் சோதனை முடித்த வேகத்துக்குப் பாராட்டு உண்டு. ஆனால், கோல்ட்ரிஃப் தயாரித்த அந்த ஆலை 2011 முதல் நம் மண்ணில்தான் உரிமத்தோடு இயங்கியது. மரணங்களுக்குப் பிறகு உள்ளே போனவர்கள் 364 விதிமீறல்களைக் கண்டார்கள். அத்தனையும் ஒரே இரவில் முளைத்தவையா? இரண்டு ஆண்டுகளாக அங்கே முறையான ஆய்வு நடக்கவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மாநிலத்தில் நடக்க வேண்டிய மருந்து ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடக்கவே இல்லை என்று தணிக்கை அறிக்கை முன்பே சுட்டிக்காட்டியிருந்தது. அதைப் படிக்க வேண்டியவர்கள் படித்திருந்தால், அந்த ஆலையின் கதவை யாராவது தட்டியிருப்பார்கள். நீக்கப்பட்ட இருவருக்கு மேலே பொறுப்பில் இருந்தவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

பாதுகாப்பான சிகிச்சைக்காக நாடு முழுவதும் யாராவது பயணம் போக வேண்டும் என்றால், அந்தப் பயணம் ஆலைகளின் வாசலுக்கும், மூலப்பொருள் விற்கும் கிடங்குகளுக்கும், மாவட்ட மருந்துக் கடைகளுக்கும் போகட்டும். துண்டறிக்கைகளோடு அல்ல, மாதிரி எடுக்கும் அதிகாரத்தோடு. ஏற்றுமதிக்கு உள்ள சோதனை உள்நாட்டுக்கும் வர வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மத்தியிலும் மாநிலங்களிலும் அடியோடு மாற்றியமைக்கப்பட வேண்டும். அது எந்த வடிவில் என்பதை நாடாளுமன்றம் திறந்த விவாதத்தில் முடிவு செய்யட்டும். அதுவரை, பெற்றோருக்கு இன்னொரு அறிவுரை எழுத எந்த அதிகாரியும் பேனாவை எடுக்க வேண்டாம். 2023-ல் உள்நாட்டுக் குழந்தைகளை விட்டுவிட்டு அந்த ஆணை ஏன் போடப்பட்டது என்பதற்கு முதலில் பதில் எழுதட்டும்.