விடுமுறை உலா: காவேரித் திட்டுகளில் பறவைகள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் எனச் சங்கத்து அன்பர்கள் வினவும்போதெல்லாம் ரங்கனதிட்டு என்றே நாம் விடை கூறி வருகிறோம். அரண்மனையும் மிருகக்காட்சிச் சாலையும் ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் பார்த்துப் பழகியவை. ரங்கனதிட்டையோ, மைசூரில் பல்லாண்டு வாழ்ந்தும் காணாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

புகைவண்டியில் ஸ்ரீரங்கப்பட்டணம் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். திட்டு என்பதற்கு நமக்கு எவரும் பொருள் சொல்ல வேண்டுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவேரியின் குறுக்கே கட்டிய சிற்றணையால் இத்திட்டுகள் உண்டாயின என்பர். பறவையியல் அறிஞர் சலீம் அலி மைசூர் மன்னரிடம் எடுத்துரைத்ததன் பயனாக 1940-இல் இது சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

காலை வேளையே சிறந்தது. துடுப்புப் படகு மரங்களை மிகவும் நெருங்கிச் செல்லும். நத்தைகுத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நத்தையைப் பற்றுதற்கு ஏற்ற அமைப்பு அது. கரண்டிவாயன், பெயருக்கேற்ற அலகை நீரில் இப்புறமும் அப்புறமும் வீசி இரை தேடும். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா ஆகியவற்றையும் காணலாம். பாறைமேல் அசையாது கிடப்பது மரக்கட்டை அன்று, முதலை! படகில் கைதட்டிக் கூச்சலிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். தாய்ப்பறவை வெருண்டு எழுந்தால் கூட்டிலுள்ள குஞ்சு வெயிலில் வாடும். தவறி விழின் முதலைக்கு இரையாகும். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி மற்றொன்று. கிருஷ்ணராஜசாகர் அணை இத்திட்டுகளுக்கு மேற்புறம் உள்ளது. குடகில் மழை கொட்டி, அணை 124.80 அடியை எட்டி, மதகுகள் திறக்கப்பட்டன என்று நாளிதழில் கண்டதும் தஞ்சையிலும் திருச்சியிலும் உறவுடைய நம் உள்ளம் குளிர்கிறது. மேட்டூருக்குச் செல்லும் அந்நீர் போகும் வழியில் இத்திட்டுகளின்மேல் ஏறிச் செல்கிறது. தாழ்ந்த கிளைகளிலுள்ள கூடுகள் முட்டையோடும் குஞ்சோடும் அடித்துச் செல்லப்படுகின்றன. வேனிலில் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடும் ஆற்று ஆலாவுக்கோ, நீர் சிறிது உயர்ந்தாலே கேடுதான். 2018, 2019-ஆம் ஆண்டுகளின் வெள்ளத்தில் திட்டுகள் மூழ்கின. கரைகள் அரிக்கப்படாதிருக்க வனத்துறையினர் மணல்மூட்டைகளை அடுக்கி வருகின்றனர். நீர் வரவேண்டா என்று நாம் சொல்ல இயலுமா? வயலுக்கு அதுவே உயிர். ஆயினும் இவ்வூரில் வாழ்வதால், அந்த மகிழ்ச்சியின் மறுபுறத்தையும் காணும் நிலை நமக்கு வாய்த்திருக்கிறது.

ஆடி, ஆவணியில் செல்ல விரும்புவோர் அணையின் நிலையை அறிந்து புறப்படுக. வெள்ளக் காலத்தில் படகு விடமாட்டார்கள். அத்தகைய நாளில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குச் சென்றால் போதும். கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அங்கேயும் உண்டு, செலவும் குறைவு.