'முடிந்தது' என்றால் என்ன பொருள்?

கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையைக் கடந்து, ஒப்படைத்த வேலையைச் செய்து முடிக்கும் நிலைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கோப்புகளைத் திறப்பது, நிரலைத் திருத்துவது, சோதித்துப் பார்ப்பது, பிழை வந்தால் மீண்டும் திருத்துவது எனப் பல படிகளைத் தானே அடுத்தடுத்துச் செய்யும் இத்தகைய மென்பொருளை 'ஏஐ முகவர்' என்கிறார்கள். இந்த முகவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள கருவிகளுள் மிக எளியது, கடைக்குப் போகும்போது நாம் எழுதிக்கொள்ளும் துண்டுச்சீட்டைப் போன்ற ஒரு பணிப்பட்டியல்.

பல்லாயிரம் பக்கங்களைப் படித்த இயந்திரத்துக்குத் துண்டுச்சீட்டு எதற்கு? உரை நீண்டுகொண்டே போகும்போது அதன் நடுவில் உள்ள செய்தியை மொழி மாதிரிகள் தவறவிடுகின்றன என்பதை, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2023-இல் எடுத்துக்காட்டியது. ஒரு பணிக்குச் சராசரியாக ஐம்பது முறை கருவிகளை நாட வேண்டியிருக்கிறது என்று 'மேனஸ்' முகவரை உருவாக்கியவர்கள் 2025 ஜூலையில் எழுதினர். ஐம்பதாவது படியில் நிற்கும்போது முதல் படியில் சொன்னது மங்கிவிடுகிறது. பட்டியலை அவ்வப்போது திருத்தி எழுதினால், மீதமுள்ள வேலைகள் உரையின் கடைசிப் பகுதிக்கு, அதாவது முகவரின் கவனம் அதிகமாகப் பதியும் இடத்துக்கு வந்துவிடுகின்றன.

கருவி என்று பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேலையின் பெயர், அதன் நிலை ஆகியவற்றைச் சேமிக்கும் சில வரி நிரல், அவ்வளவுதான். முகவரின் நடத்தையைத் தீர்மானிப்பது அந்தக் கருவியுடன் இணைத்து எழுதப்படும் பயன்பாட்டுக் குறிப்பு. அதை முதலில் வாசிப்பது மனிதரல்ல, முகவர். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 பிப்ரவரியில் முன்னோட்டமாக வெளியிட்ட 'கிளாட் கோட்' முகவரில் இத்தகைய பட்டியல் கருவி பின்னர் இடம்பெற்றது. அதற்கு எழுதப்பட்ட குறிப்பு கருவியைவிடப் பல மடங்கு நீளமானது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட படிகள் கொண்ட வேலைக்கே பட்டியல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே 'நடைபெறுகிறது' என்ற நிலையில் இருக்க வேண்டும். சோதனைகள் தோல்வியுற்றாலோ, வேலை அரைகுறையாக நின்றாலோ 'முடிந்தது' என்று குறிக்கக் கூடாது. புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு மேலாளர் தரும் அறிவுரை போலவே இருக்கிறது.

இவற்றுள் கடைசி விதியே முக்கியமானது. கோப்பில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதி மனுவை முடித்துவைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. செய்ததாகச் சொல்வதற்கும் செய்ததற்கும் இடையிலான தூரம் முகவர்களிடமும் உண்டு. 2025 ஜூலையில், எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டிருந்தும், 'ரெப்ளிட்' நிறுவனத்தின் முகவர் தன் தரவுத்தளத்தை அழித்துவிட்டதாகத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின் பகிரங்கமாக அறிவித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. அழிந்ததை மீட்க முடியாது என்று முகவர் சொன்னது, அவரோ மீட்டுவிட்டார். ரெப்ளிட்டின் தலைமைச் செயல் அதிகாரி இந்த நிகழ்வை ஏற்க முடியாதது என்று ஒப்புக்கொண்டார். பட்டியல் ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் வாதிடவில்லை. தன் வேலையின் நிலையைப் பற்றி முகவர் தரும் வாக்குமூலத்தை மட்டும் நம்ப முடியாது என்பதையே இது காட்டுகிறது.

இந்த இடத்தில்தான் இத்தகைய குறிப்புகள் போதாதவையாகத் தோன்றுகின்றன. மேற்சொன்ன கருவி முதலில் வந்தபோது, அதில் முகவர் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாக எழுதியது. ஆகவே, நேற்றிருந்த ஒரு வேலை இன்றைய பட்டியலில் இல்லையென்றால், பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது முடிந்ததா, கைவிடப்பட்டதா, மறந்துபோனதா என்று தெரியாது. நினைவுச்சீட்டுக்கு இது போதும், பதிவேட்டுக்குப் போதாது. அதிக ஆபத்துள்ள ஏஐ அமைப்புகளின் நிகழ்வுகள் தாமாகவே பதிவாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் கோருகிறது. எதையும் நீக்கக் கூடாது, கைவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்ற இரண்டு வரிகளைக் குறிப்பில் சேர்ப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரி எழுதிவிட்டால் முகவர் அதற்குக் கட்டுப்பட்டுவிடும் என்பதும் இல்லை. நீக்கலைக் கருவியே தடுக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை இங்கே நினைவுகூரலாம். தில்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அந்தப் பட்டியலை அறுவை செய்பவர் தனக்குள் சரிபார்த்துக்கொள்வதில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, குழுவினர் விடையளிக்கிறார்கள். முகவரின் பட்டியலிலோ வேலை செய்வதும் சரி என்று குறியிடுவதும் ஒரே கைதான்.

நிரல் எழுதும் துறையில் இதன் விளைவு ஓரளவு மட்டுப்படும். சோதனை தோற்றால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும், காப்பீட்டு விண்ணப்பங்களை ஆராயவும் முகவர்கள் அமர்த்தப்படும்போது அப்படிப்பட்ட சோதனை தானாக அமைந்துவிடாது. அங்கே 'முடிந்தது' என்பதற்கு எது சான்று என்பதை யாராவது எழுதியாக வேண்டும். இப்போதைக்குப் பெரும்பாலும் நிரலாளர் அதை ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார். இருபது ஆண்டுகள் அந்த மேசையில் அமர்ந்து, எந்த விண்ணப்பம் எங்கே சிக்கும் என்று அறிந்த எழுத்தரிடம் யாரும் கேட்பதில்லை.