கவ்வாத்தை எல்லாச் செடியும் தாங்காது

 

சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் தன்னம்பிக்கைப் பதிவுகள் நிறைய. அதிகம் சுற்றுவது இதுதான்: தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால்தான் தளிர்க்கும், அதுபோல வாழ்க்கை தரும் அடிகள்தான் நம்மை வளர்க்கும்.

நல்ல உவமைதான். ஆனால் டயகமவில் இருக்கும் நாம் அதில் பாதியை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

கவ்வாத்து வெட்டிய பிறகு செடி வெறும் குச்சிதான். புதுத் தளிர் வரும்வரை வேரில் சேர்ந்திருக்கும் மாப்பொருளை வைத்துத்தான் அது உயிர் வாழ வேண்டும். அதனால்தான் வெட்டுமுன் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் செடியை ஆறவிடுகிறார்கள். வேர்த்துண்டில் அயடீன் விட்டுப் பார்ப்பதும் உண்டு. விஞ்ஞான பாடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் அதே சோதனைதான். வேரில் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் பட்டுப்போகும்.

பிள்ளைகளும் அப்படித்தான். கஷ்டம் மட்டும் யாரையும் வளர்த்துவிடாது.

சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1914இல் பூண்டுலோயா மடகும்புர தோட்டத்தில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. அதற்குப் பிறகும் அவர் எழுதினார், தொழிற்சங்கத்தில் நின்றார், நம் மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு 1983இல் வந்தது. மறு வருடம் அவர் காலமானார்.

அவரைப் போல எழுந்து நில் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சரி. ஆனால் அவருக்குப் பெரிய கங்காணியான தாத்தாவின் வீடு இருந்தது, அட்டனிலும் கொழும்பிலும் நல்ல கல்லூரிகள் கிடைத்தன. அதே அடியை வாங்கிய இலட்சக்கணக்கானவர்களும் தாங்கினார்கள், உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரிகள் எங்கே இருந்தன? நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான்.

அதனால், கணக்கில் டபிள்யூ எடுத்த பிள்ளையிடம் "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. லயத்து அறையில் ஏழு பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, காலையில் சாப்பிட்டதா, இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்பது யார்? வேரில் சேர்வது இவைதான்.

பெற்றோரே, பெறுபேறு சரியில்லை என்று பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒரு முறை பாடசாலைக்கு வாருங்கள். பரீட்சையைத் திரும்ப எழுதலாம். சித்தியடையாதவர்களும் சேரக்கூடிய தொழிற்பிரிவு 2017இலிருந்து தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் இருக்கிறது. எங்கே, எப்படி என்று விசாரித்துத் தருவது எங்கள் பொறுப்பு.

நம் ஜமாஅத்தாரிடமும் ஒன்று. கடைக்கும் வீட்டுக்கும் "தோட்டத்துப் பிள்ளை ஒன்று பார்த்துத் தாங்க" என்று கேட்பதை விடுவோம். 2021இலிருந்து வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 16. சட்டம் இருக்கட்டும், அப்படிப் போன பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் உண்டு. டயகமவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் சதகாவில் ஒரு பங்கு பின்னேர வகுப்புக்குப் போகட்டும். மேசை, வெளிச்சம், ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்க வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். மனம் வந்தால் படிப்போம் என்று காத்திருக்காதீர்கள். மனம் வரும் நேரம் பார்த்தா நாங்கள் சுபஹுக்கு எழும்புகிறோம்? மனம் வந்தா உங்கள் அம்மா மழையில் பெரட்டுக்களத்துக்குப் போகிறார்? நேரம் வந்தால் உட்காருங்கள், மனம் பின்னால் வரும். மற்றதைச் சேர்த்துத் தருவது பெரியவர்கள் எங்கள் கடமை.

அல்லாஹ் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நல்வழி காட்டுவானாக.