‘அதுவும் இதுவும் ஒன்றுதான்’ என்னும் பேச்சு



எங்கள் பள்ளி மண்டபத்து ஒலிபெருக்கி பழுதானதைப் பற்றிச் செர்காம் வட்டாரத்து நண்பர்கள் பலர் கேட்டுவிட்டனர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கதை சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றியது. இதில் என் குறையும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் ஒலிபெருக்கி என்றால் ஒலியை வெளியிடும் பெட்டியையும் குறிக்கிறோம்; அதற்குள் மின்னோட்டத்தைப் பெருக்கி அனுப்பும் கருவியையும் குறிக்கிறோம். நான் இங்கே சொல்வது இரண்டாவதை. அதை என் தந்தையார் 1980களில் தம் கையாலேயே செய்தார். தோட்டத்தில் மின்பணியாளராக இருந்தவர். ஆங்கில மாத இதழ் ஒன்றில் வந்த சுற்றுப்படத்தைப் பார்த்து, லயத்து வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் தோட்டத்துத் திருமணங்களுக்கும் உழைத்துவிட்டு, பின்னர் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமைச் சபைகூடலும் பேச்சுப் போட்டியும் அதில்தான் நடந்து வந்தன.

ஒருநாள் உருகி எரிந்தது. புதிய உருகி போட்டேன், அதுவும் எரிந்தது. அளவி வைத்துப் பார்த்ததில் வெளியீட்டுத் டிரான்சிஸ்டர்களில் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு, மின்சாரத்தைத் தடையின்றி விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் எம்ஜே802 என்று எழுதியிருந்தது. அதன் இணை எம்ஜே4502. இரண்டும் மோட்டோரோலா நிறுவனத்தின் பழைய உறுப்புகள். உலோக மூடியும் இரண்டு கால்களும் கொண்ட டிஓ-3 வகை.

பட்டணத்துக் கடையில் அந்த எண் கிடைக்கவில்லை. “சார், இதே அச்சு, இதே கால், 2என்3055 போடுங்க, அதுவும் இதுவும் ஒன்றுதான்” என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்து பொருத்தினேன். பாட்டு வந்தது, சபைகூடலில் குரலும் தெளிவாகவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, பெற்றோர்கள் நிறைந்திருந்த ஒரு மாலை நிகழ்ச்சியில் ஒலியைக் கூட்டியபோது மீண்டும் போயிற்று. இம்முறை ஒலிப்பெட்டியின் கம்பிச்சுருளையும் எரித்துவிட்டுப் போயிற்று. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மனப்பாடம் செய்து வந்த உரையின் பாதியில் நின்றாள். ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, வெறுந்தொண்டையிலேயே முடித்தாள். கைத்தட்டல் பலமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏன் போயிற்று? கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு என் கருவியின் உட்புறம் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் கூட்டிப் பார்க்கவில்லை. அக்கருவியில் நேர்மின் பக்கம் 35 வோல்ட், எதிர்மின் பக்கம் 35 வோல்ட். ஒலி மெதுவாக இருக்கும்போது ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஏறத்தாழ 35 வோல்ட்டைத்தான் தாங்குகிறது. ஒலி உச்சத்துக்குப் போகும்போது வெளியீடு ஒரு பக்கத்து எல்லை வரை ஓடுகிறது; அப்போது மறுபக்கத்து உறுப்பின்மேல் இரண்டும் சேர்ந்து 70 வோல்ட் விழுகிறது. 2என்3055 தாங்குவது 60 வோல்ட். எம்ஜே802 தாங்குவதோ 90 வோல்ட். 35-உம் 35-உம் 70 என்பது இரண்டாம் ஆண்டுக் கணக்கு!

ஒலிப்பெட்டி ஏன் எரிந்தது என்பதும் கணக்குத்தான். உறுப்பு ஒட்டிக்கொண்டதும் 35 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே கம்பிச்சுருளுக்குப் போகிறது. எட்டு ஓம் என்று எழுதப்பட்ட சுருளின் நேர்மின் தடை ஏறக்குறைய 6 ஓம்தான். 35 வோல்ட்டை 6-ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வெப்பமாகும் ஆற்றல் 200 வாட்டுக்கு மேல். ஒரு மண்டபத்து ஒலிப்பெட்டி அதைச் சில நொடிகளுக்கு மேல் பொறுக்காது.

2என்3055 மோசமான உறுப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்டு, உலகமெங்கும் பரவிய எண் அது. 15 ஆம்பியர், 115 வாட். ஆயினும் அந்த 115 வாட்டும் உறுப்பின் உடல் 25 பாகை வெப்பத்தில் இருக்கும்போது மட்டுமே. நம் ஊரில், மூடிய பெட்டிக்குள், திருவிழாக் கூட்டத்தில் அது எங்கே 25 பாகையில் இருக்கப் போகிறது? ஒவ்வொரு பாகை கூடும்போதும் முக்கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்குதிறன் இறங்குகிறது. உடல் 100 பாகையைத் தொட்டால் மிஞ்சுவது 66 வாட் அளவே.

இனி மாற்று உறுப்பைத் தேர்ந்த முறைக்கு வருகிறேன். இணையத்தில் ‘சம எண்’ பட்டியல்கள் ஏராளம். அவற்றை நம்பி வாங்குவது, அகராதியில் பார்த்த ஒத்தசொல்லை எந்த வாக்கியத்திலும் செருகும் மாணவனின் வேலையைப் போன்றது. ‘சோறு’ என்பதும் ‘அமுது’ என்பதும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அதற்காகக் கடையில் போய் ஒரு பொட்டலம் அமுது கேட்பார் உண்டா? உறுப்பை உறுப்போடு ஒப்பிடுவது போதாது. நம் சுற்று அதனிடம் என்ன கேட்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரின் தரவுத்தாளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் தேர்ந்தது எம்ஜே15003, அதன் இணை எம்ஜே15004. இவை 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட். பழைய எம்ஜே802 30 ஆம்பியர் தாங்குவது, புதியது 20தான். “குறைந்துவிட்டதே!” என்று என் நண்பர் ஒருவர் பதறினார். எங்கள் கருவி கேட்பது எவ்வளவு? 35 வோல்ட்டை 8 ஓம் ஒலிப்பெட்டிக்கு வகுத்தால் உச்சத்தில் நாலரை ஆம்பியர்கூட இல்லை. 4 ஓம் பெட்டி மாட்டினாலும் 9-ஐ எட்டாது. எனவே அந்தக் குறைவு இங்கே குறைவே அன்று. உண்மையில் பார்க்க வேண்டியது, உயர்ந்த வோல்ட்டும் மிகுந்த ஆம்பியரும் ஒரே நேரத்தில் வந்தால் எதுவரை தாங்கும் என்பதை. தரவுத்தாளில் ‘பாதுகாப்பான இயங்குபரப்பு’ என்று ஒரு வரைபடம் இருக்கும். பெரும்பாலோர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகின்றனர். எம்ஜே15003 50 வோல்ட்டில் 5 ஆம்பியரை ஒரு நொடி தாங்கும். 100 வோல்ட்டிலோ 1 ஆம்பியர்தான். பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 250 வாட், இரண்டாவது வெறும் 100. உறையில் எழுதிய வாட் எண் எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கால்களின் வரிசையும் ஆளைக் கவிழ்க்கும். சிறிய உறுப்புகளில் பிடி139-ஐ எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய். டிஐபி31-இலோ அடிவாய், ஏற்பான், உமிழ்ப்பான். டிஓ-3 உறுப்பில் ஏற்பான் என்பது உலோக உடலே. ஆகவே அலுமினியத் தகட்டில் முடுக்கும்போது இடையில் மைக்கா ஏடும் வெள்ளைப் பசையும் வேண்டும். ஏட்டை மறந்தால் உருகிக்குத்தான் வேலை. ஒன்று போனால் இணையையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எம்ஜே15003 என்று எழுத்துப் பொறித்து, உள்ளே சிறிய சில்லை வைத்து விற்கும் சரக்கு சந்தையில் உண்டு. நம்ப முடியாத விலையில் கிடைத்தால் நம்பாதீர்கள். மோட்டோரோலாவின் அந்தப் பிரிவு 1999-இல் தனி நிறுவனமாகி, இன்று ஆன்செமி என்ற பெயரில் இயங்குகிறது. அதற்குச் சிரம்பானிலேயே தொழிற்சாலை இருக்கிறது. மலாக்கா பத்து பெரண்டாமில் 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலையே இன்றைய இன்ஃபினியான். எங்கள் தோட்டத்து அக்காமார் சிலர் விடியற்காலையில் நீலச் சட்டையோடு தொழிற்சாலைப் பேருந்து ஏறியதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். உலகத்துக்கு உறுப்பு செய்து அனுப்பிய கைகள் நம் வீடுகளிலேயே இருந்திருக்கின்றன. நாமோ ‘இதெல்லாம் நமக்கு எங்கே புரியும்’ என்று பழைய கருவியைக் குப்பைக்குத் தள்ளுகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர், சக்கரம் வைத்த புதிய ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கிவிடலாம் என்றனர். தவறான யோசனை அன்று. திடலில் விளையாட்டுப் போட்டிக்கு அதுவே வசதி. நானும் கை உயர்த்தினேன். நான் மறுத்தது பழையதை வீசிவிடுவதைத்தான். நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் திறந்து பார்க்கத்தக்க உண்மையான கருவி பள்ளியில் வேறு என்ன இருக்கிறது? தொடுவதற்கன்று, பார்ப்பதற்கு. உள்ளே 240 வோல்ட் நுழைகிறது. அணைத்த பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பழுது பார்க்கும் வேலை பெரியவர்களுடையது. கணக்கு மட்டும் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

புதிய இணையைப் பொருத்தியபின் நேரே மின்சாரம் கொடுக்கவில்லை. பழைய 60 வாட் குண்டு விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தேன். விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே இன்னும் கோளாறு. மங்கியது. பின்னர் உமிழ்ப்பானில் உள்ள 0.33 ஓம் தடையின் இருபுறமும் அளந்து, 16 மில்லிவோல்ட் வரும்வரை திருகைத் திருப்பினேன். ஓய்வு மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர் அளவு. ஒரு மணி நேரம் சூடேறவிட்டு மறுபடியும் அளந்தேன்.

கம்பிச்சுருள் மாற்றப்பட்ட ஒலிப்பெட்டி சென்ற மாதம் திரும்பி வந்தது. உரையை வெறுந்தொண்டையில் முடித்த அம்மாணவி இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். கூடுதலாக வாங்கிய ஓர் இணையைப் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, தரவுத்தாளின் முதற்பக்கத்தையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். டின்னின் மேல் ‘35 + 35 = 70’ என்று எழுதி ஒட்டியது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.