பைப் வெடிப்பது தரத்தாலா, வால்வாலா?

கேள்வி: ஏலத்தோட்டத் தொட்டியிலிருந்து சரிவில் பூமிக்கடியில் இறங்கும் பி.வி.சி. பைப் அடிக்கடி வெடிக்கிறது. பைப் தரம் குறைவா, வால்வு மூடும் முறையில் தவறா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வால்வை மூடிய சில விநாடிகளில் வெடித்தால், பெரும்பாலும் மூடிய வேகம்தான் காரணம். மூடி வைத்து இரவெல்லாம் நின்றபின் வெடித்தால், அந்த இறக்கத்துக்குப் பைப்பின் 'கிலோ' போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். ஒரே பைப்பில் இறக்கினால் அடியில் 100 கிலோ! சரிவில் இடையிடையே தொட்டி கட்டி இறக்குவது அதற்காகத்தான்.

தொட்டியிலிருந்து 30 மீட்டர் கீழே வால்வு இருந்தால், மூடி நிற்கும்போது 3 கிலோ. 6 கிலோ பைப்புக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைப் பட்டென்று நிறுத்தினால், பி.வி.சி. பைப்பில் கூடுதலாக சுமார் மூன்றரை கிலோ அடி விழும். மொத்தம் ஆறரை. பழைய ஒட்டும் எல்போவும் முதலில் விட்டுப்போகும். இரும்புக் குழாயில் இந்த அடி மட்டுமே 10 கிலோவைத் தொடும்.

கால் சுற்றில் மூடிவிடும் பால் வால்வு மெயின் லைனுக்கு ஆகாது. கேட் வால்வே நல்லது. அதிலும் தண்ணீர் நிற்பது கடைசிச் சில சுற்றுகளில்தான். நம் ஆட்கள் அங்கேதான் அவசரப்படுகிறார்கள்! கடைசிச் சுற்றுகளை நிறுத்தி நிறுத்தித் திருப்புங்கள். காலி லைனைத் திறக்கும்போது ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்தி, ஏர் வால்வில் காற்றுச் சத்தம் அடங்கிய பிறகு மீதியைத் திறக்க வேண்டும்.

இறுகிய வால்வில் நீளக் கம்பி மாட்டி நெம்பினால் தண்டு முறியும். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். பாசனம் இல்லாத மழை மாதங்களிலும் மாதம் ஒருமுறை திருப்பி வையுங்கள்.

பைப் போனால் மாற்றிக்கொள்ளலாம். மூடி போட்ட ஆழமான வால்வு குழி அப்படியல்ல. இலைதழை மக்கி, உள்ளே ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூடியைத் திறந்தவுடன் உள்ளே இறங்கக் கூடாது. மேலே நின்றபடியே திருப்ப நீளமான 'டி' சாவி ஒன்றை லேத்தில் செய்து வாங்கிக்கொள்ளலாம். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது, அவரும் விழுவார். உடனே தீயணைப்புத் துறையை 101-லோ, 112-லோ அழையுங்கள்.