டிசிப்ளின் மட்டும் போதாது, ஹவில்தார் சாப்

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். சிக்னல்ஸில் ஹவில்தார். ஜபல்பூரில் பயிற்சி எடுத்தவன், 23 வருஷ சர்வீஸ். அடுத்த வருஷம் வெளியே வருகிறான்.

"மாமா, நான் ஐ.டி. மேனேஜர் ஆகப்போறேன். சென்னையில ஒரு சென்டர்ல கோர்ஸ். ஒண்ணேகால் லட்சம். முடிச்சதும் நேரா ப்ராஜெக்ட் மேனேஜர்தான்னு சொல்றாங்க. 25 ஆயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன்" என்றான்.

அதற்கப்புறம் எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அந்த வீடுகளுக்கு வரும் பென்ஷன் பணத்தின் வாசனையை இந்த சென்டர்காரர்கள் எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். இவர்கள் பெரிதாகச் சொல்லும் பி.எம்.பி. பரீட்சையை எழுத, டிகிரி உள்ளவருக்கு 36 மாதமும் டிகிரி இல்லாதவருக்கு 60 மாதமும் ப்ராஜெக்டை நடத்திய அனுபவம் வேண்டும். அதை எந்த வகுப்பும் விற்க முடியாது. ஆனால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், லைன் இழுத்து, கெடு தேதிக்குள் முடித்துக் கொடுத்தவன் இவன். அந்த அனுபவம் கணக்கில் வருமா என்று யாரும் இவனிடம் கேட்கவில்லை. பணத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

சரி, சென்டர்காரனைத் திட்டுவது சுலபம். நம் தவறையும் சொல்ல வேண்டும்.

நான் 1975-ல் விமானப்படையில் சேர்ந்தவன். ஜாலஹள்ளியில் படித்து ரேடியோ பிட்டர் ஆனேன். 20 வருஷம் முடித்து 1995-ல் சார்ஜென்டாக வெளியே வந்தேன். முதல் இன்டர்வியூவில், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். டிரேடைச் சொன்னேன், ராங்க்கைச் சொன்னேன், நன்னடத்தை சர்டிபிகேட்டை நீட்டினேன். அந்தப் பையன் மரியாதையாகவே, "செக்யூரிட்டி ஆபீசர் போஸ்ட் காலி இருக்கு சார்" என்றான். பல வருஷம் அவன்மேல் கோபம் இருந்தது. இப்போது பாதிக் கோபம் என்மேல்தான்.

ஏனென்றால் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எங்களிடம் பாரம் 700 என்று ஒன்று உண்டு. விமானத்தில் யார் எதைக் கழற்றினார், எதை மாட்டினார், யார் சரிபார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் விமானம் பறக்காது. எடுத்துப்போன ஸ்பேனரைத் திரும்ப எண்ணி வைக்காமல் ஷிப்ட் முடியாது. ஐ.டி.யில் இதற்குப் பெயர் சேஞ்ச் மேனேஜ்மென்ட். பின்னாளில் ஒரு ராத்திரி டேட்டா சென்டரில் சர்வர் விழுந்தபோது, பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். "கடைசியா யாரு, எத்தனை மணிக்கு, எதை மாத்தினது?" என்று கேட்டவன் நான் ஒருவன்தான். அதைக் கற்றுக்கொடுத்தது விமானப்படை. அதை இன்டர்வியூவில் சொல்ல மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஓய்வு பெறும் நாளில் மெஸ்ஸில் ஒரு பேச்சு பேசுவார்கள், கேட்டிருப்பீர்கள். "உங்க டிசிப்ளின் போதும், வெளியே கொத்திக்கிட்டுப் போவாங்க." அது சுத்தப் பொய். வெளியே நம் ஆர்டருக்குப் பின்னால் சட்டம் கிடையாது. டேட்டாபேஸ் பார்ப்பவர் நம் ஆள் கிடையாது, நெட்வொர்க் ஆள் வேறு ஊரில், கஸ்டமர் வேறு தேசத்தில். எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். என் முதல் டீமில் ஒரு பெண்ணிடம், தினமும் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வேண்டும் என்றேன். "எதுக்கு சார்?" என்றாள். 20 வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால் அந்த ரிப்போர்ட்டை யாரும் படிக்கவே இல்லை, நான் உட்பட.

சர்க்காரையும் விடுவதற்கில்லை. மறுவாழ்வு இயக்குநரகம் ஆபீசர்களை ஐ.ஐ.எம்.களில் மாதக்கணக்கில் படிக்க வைக்கிறது. ஜவானுக்கும் இலவசமாக கோர்ஸ் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வருவது பெட்டி கட்டும் நேரத்தில். கடைசி நேரக் கோர்ஸ் ஒன்று 20 வருஷப் பழக்கத்தை மாற்றுமா? 15 வருஷ சர்வீஸுக்கு டிகிரிக்குச் சமம் என்று தரும் சர்டிபிகேட், சர்க்கார் குரூப் சி வேலைக்கு ஆகும். தனியார் கம்பெனி வாசலில் அது செல்லாத நோட்டு. யூனிபார்மில் இருக்கும்போதே இக்னோவில் ஒரு நிஜ டிகிரி முடிக்கச் சொல்லிப் பத்தாவது வருஷத்திலேயே பிடரியில் தட்ட ஒரு ஆள் வேண்டாமா? அக்னிவீர் பையன்களுக்கோ மொத்தமே நாலு வருஷம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் உள்ளே எடுப்பார்கள். மற்றவர்கள் எப்போது தயாராவது?

நேராக மேனேஜர் நாற்காலி என்கிற ஆசையையும் விட வேண்டும். சர்வீஸ் டெஸ்க்கிலோ, நெட்வொர்க் கண்காணிப்பு ஷிப்டிலோ உள்ளே நுழைந்து, 25 வயசுப் பையனிடம் "எனக்குத் தெரியல, சொல்லிக் குடு தம்பி" என்று கேட்கக் கூசாதவன் மேலே வருவான். எனக்கு அது வர இரண்டு வருஷம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் நோட்டோடு வீட்டுக்கு வந்தான். அட்வான்ஸ் திரும்பாதாம், போகட்டும். அவன் 23 வருஷத்தை இரண்டு பக்கத்தில் எழுத உட்கார்ந்தோம். யூனிட் பெயர், இடம், கருவி விவரம் எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். பனியில் லைன் அறுந்து ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேரை வைத்துச் சரிசெய்ததைச் சொல்லிவிட்டு, "இது டூட்டிதானே மாமா, இதையெல்லாமா எழுதறது?" என்றான்.

முதல் வரியாக அதைத்தான் எழுத வைத்தேன். அடுத்த வாரம் ஐ.டி.ஐ.எல். பவுண்டேஷன் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.