வனிலா ஆசை கரிசலுக்கு ஆகுமா?

புதுப்பயிர் ஒன்றுக்கு விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும், நம் நிலத்திலும் போட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் கோவில்பட்டி வட்டார மானாவாரி உழவர்களுக்கு எழுவது இயல்பே. அப்படி எண்ணும்போது வனிலா கற்றுத்தந்த பாடத்தை மறக்கக் கூடாது.

ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலா ஒரு மழைக்காட்டுக் கொடி. தாயகம் மெக்சிகோ. மரத்தைப் பற்றி ஏறி, அரை நிழலிலும் ஈரக்காற்றிலும் வளரும். ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்குக் குறையாத மழையும், மக்கிய இலைச்சருகும் தேவை. கோவில்பட்டிப் பகுதியில் பெய்வது அதில் ஏறத்தாழப் பாதிதான். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, அடைமழையில் நீர் கோத்துக்கொள்ளும் கரிசலில், மேலாக ஓடும் அதன் வேர் பிழைக்காது.

நிழல்வலையும் சொட்டுநீரும் அமைத்தால் வளராதா எனலாம். வளரலாம். ஆனால் பூக்கவே சுமார் 3 ஆண்டு ஆகும். பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். அன்று காலையிலேயே ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முதிர மேலும் 9 மாதம். அதுவரை கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

விலையும் நிலையானதன்று. 2000-ல் மடகாஸ்கர் தீவைப் புயல் தாக்கியபின் விலை உயர்ந்தது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டு உழவர்கள் பலர் வனிலா நட்டனர். 2003-ல் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலர் வரை விற்றது; 2005-ல் 50 டாலர் அளவுக்கு விழுந்தது. பலருடைய கொடி காய்த்தபோது விலை இல்லை. மழைவளம் மிக்க பகுதிகளிலேயே தோட்டங்கள் கைவிடப்பட்டன. 2017 புயலுக்குப் பின்னும் விலை ஏறி, மறுபடி சரிந்தது. இத்தகைய ஏற்ற காலத்தில் முதல் லாபம் நடவுக்கொடி விற்பவருக்கே.

ஆகவே எந்தப் புதுப்பயிரானாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நம் மழைக்கு இது தாங்குமா? விளைந்ததை உள்ளூரில் வாங்குவார் உண்டா? முதல் வரவு எத்தனை மாதத்தில்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால் ஒரு சென்ட் நிலத்தைக்கூட அதற்கு ஒதுக்கலாகாது.

உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி, மல்லி ஆகியவை கரிசலின் குணமறிந்த பயிர்கள். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இவற்றில் பல ரகங்களை அளித்துள்ளது. நல்ல விதை வாங்கி, விதையைக் கடினப்படுத்தி, புரட்டாசியில் மழைக்கு முன்பே விதைத்தால் கிடைக்கிற மழை வீணாகாது. கைப்பணத்தைச் செலவிட வேண்டிய இடம் அதுவே.